கொல்லையில் குளவி, கதண்டு, தேனீ: எதை விட்டுவைப்பது, எதை அகற்றுவது, எதற்கு ஆள் கூப்பிடுவது

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடுவதற்காக இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுக் கம்பி கட்டியிருக்கிறோம். அதில் ஒரு குழாயின் மேல்வாய் மூடாமலே கிடந்தது. உள்ளே குளவி கூடு வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் அம்மா ஈரப் போர்வையை வீசிப் போட்டபோது குழாய் ஆடியது. புறங்கையில் இரண்டு, கண் இமைக்கு மேல் ஒன்று என்று கொட்டிவிட்டது. மூன்று நாள் அவரால் அந்தக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அப்புறம் அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கொளுத்தச் சொன்னார் ஒருவர், மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதியது. "உறைபனி வந்ததும் கூடு தானாகச் செத்துவிடும், அதுவரை பொறுத்திருங்கள்" என்று அதில் இருக்கும். நம் சமவெளியில் அப்படி ஒரு குளிர் வருவதே இல்லை. இங்கே குளவி ஆண்டு முழுவதும் கூடு கட்டும். ஒரே கூடு மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே நம் ஊர்க் கொல்லைக்கு, நம் ஊர்ப் பூச்சிகளை வைத்து எழுதிய வழிகாட்டி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. கீழே இருப்பது அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். கூட்டைப் பார்த்த உடனே குச்சியைத் தேடாதீர்கள். அது எந்தப் பூச்சி என்று தெரிகிறவரை கல், குச்சி, தண்ணீர், புகை எதுவும் வேண்டாம். கொல்லையில் நடக்கும் விபத்துகளில் பல "சாதாரணக் குளவிதானே" என்று நினைத்துக் கதண்டில் கை வைப்பதால் வருபவை.

முதல் படி: தூரத்தில் நின்று பார்ப்பது

ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், கிட்டே போக வேண்டியதில்லை. மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கூடு எதனால் ஆனது: மண்ணா, சாம்பல் நிறக் காகிதம் போன்றதா, மெழுகா? அறைகள் வெளியே தெரிகின்றனவா, இல்லை உருண்டையாக மூடியிருக்கிறதா? ஒரு நிமிடத்தில் எத்தனை பூச்சிகள் வந்து போகின்றன?

மண்ணால் ஆனது என்றால் கவலையே வேண்டாம். சுவர் மூலையிலும், புத்தக அலமாரிக்குப் பின்னாலும், நிலைப்படியிலும் விரல் பருமனில் மண் உருண்டைகளாக அப்பியிருக்குமே, அது தனியாக வாழும் குளவியின் வேலை. மெல்லிய இடுப்பும், கருப்பும் மஞ்சளும் கலந்த உடலும் கொண்ட அந்தப் பெண் குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கி, மண் அறைக்குள் அடைத்து, மேலே முட்டை இட்டு மூடிவிடும். குட்டிப் பானை போலக் கூடு கட்டும் இன்னொரு வகை, சிலந்திக்குப் பதில் பச்சைப் புழுக்களை அடைக்கும். கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் மயங்கிக் கிடக்கும் புழுவைத் தின்று வளர்வது குளவியின் குஞ்சு. கூட்டமாக வாழும் குளவிகளைப் போல இவற்றுக்குக் காவல்படை கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டுவது அபூர்வம். வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையால் பல வீடுகளில் இதைக் கலைக்க மாட்டார்கள். காரணம் எதுவானாலும், கலைக்காமல் விடுவதே சரி. சுவர் அசிங்கமாகிறது என்றால், மூடியில் ஓட்டை விழுந்து குஞ்சு பறந்துபோன பிறகு சுரண்டி எடுங்கள்.

சாம்பல் நிறக் காகிதம் போன்ற கூடு, அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கின்றன, ஒரு சிறு காம்பில் தொங்குகிறது என்றால், நாம் வெறுமனே குளவி என்று சொல்லும் வகை. சன்ஷேடுக்கு அடியில், ஜன்னல் கிரில்லில், கேட்டின் உள்பக்கத்தில், மோட்டார் கொட்டகையில், ஏசியின் வெளிப்பெட்டிக்குள் கட்டும். மரநாரைச் சுரண்டி மென்று எச்சிலோடு குழைத்துக் கட்டுவதால்தான் அந்தக் காகிதத் தன்மை. இதைச் சின்னக் குளவி என்றே இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

அதே காகிதம், ஆனால் பந்து போலவோ கூஜா போலவோ வெளியே உறை போட்டு மூடியிருக்கிறது, ஒரே ஒரு வாசல், அதில் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால் அது கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்பார்கள், செய்தித்தாள்களில் "விஷ வண்டு" என்று வரும். உடல் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும், கருத்து, வயிற்றில் பட்டையாக ஒரு மஞ்சளோ ஆரஞ்சோ தெரியும். பறக்கும்போது தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் கேட்கும். தென்னை, பனை உச்சியிலும் புதரிலும் கட்டும். மரப்பொந்து, சுவர் இடுக்கு, தரைப்பொந்து ஆகியவற்றுக்குள் கட்டும் வகையும் உண்டு, அங்கே கூடு கண்ணுக்கே தெரியாது. தரையில் ஒரு துளையில் பெரிய பூச்சிகள் தொடர்ந்து இறங்கி ஏறுவதைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு மெதுவாக விலகுங்கள்.

மெழுகு அடை என்றால் தேனீ. அதில் நான்கு வகை இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: விடலாமா, எடுக்க வேண்டுமா

என் கருத்து இது: யாரும் போகாத மூலையில், தலைக்கு மேல் நல்ல உயரத்தில் இருக்கும் சின்னக் குளவிக் கூட்டை விட்டுவிடலாம். அவை செடியிலிருக்கும் புழுக்களைப் பிடித்துத் தங்கள் குஞ்சுகளுக்குக் கொடுக்கின்றன. காய்கறி போட்டிருப்பவர்களுக்கு அது லாபம். கூட்டை அசைக்காதவரை, அவை பறக்கும் வழியில் நின்று மறைக்காதவரை அவை நம்மைச் சட்டை செய்வதில்லை.

எடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. வாசல் கேட், மாடிப்படி, கழிவறைக் கதவு, கிணற்றடி, மோட்டார் சுவிட்ச், துணிக்கொடி, குழந்தைகள் விளையாடும் இடம். இவற்றில் கை படும், கதவு அதிரும். வீட்டில் யாருக்காவது முன்பு ஒருமுறை கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தால், எந்த இடமானாலும் எடுத்துவிட வேண்டும், எடுக்கிறவர் அவராக இருக்கக் கூடாது.

மின்சாரப் பெட்டிக்குள்ளோ ஏசி பெட்டிக்குள்ளோ கூடு இருந்தால் தண்ணீர் அடிப்பது உயிருக்கு ஆபத்து. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனையும் பூச்சி மருந்து அடிப்பவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி: சின்னக் குளவிக் கூட்டை நீங்களே எடுப்பது

உள்ளங்கை அளவுக்குள், தரையில் நின்றபடியே எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும் நீங்களே செய்யலாம். ஏணி தேவை என்றால் இது உங்கள் வேலை இல்லை. ஏணியில் நிற்பவரைக் குளவி கொட்டினால் கொட்டியதை விட விழுந்த அடிதான் பெரிதாக இருக்கும்.

கூடு ஆரம்பத்தில் ஐந்தாறு அறைகளோடு, ஒன்றிரண்டு குளவிகளோடுதான் தொடங்கும். அந்த நாட்களில் பார்த்துவிட்டால் வேலை எளிது. இருட்டிய பிறகு நீளக் கழியால் காம்பைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். மறுநாள் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரு பார்வை பார்த்து, மறுபடி காம்பு முளைத்திருந்தால் மறுபடி தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று முறை கலைத்தால் பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடும்.

"ராணியை மட்டும் அடித்துவிட்டால் கூடு காலியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அவரும் அவர் மாணவர்களும் கண்டது வியப்பானது. அந்தக் கூட்டின் ராணி சண்டைக்காரி இல்லை, சாதுவாக இருக்கும். அதை அகற்றினால் சிறிது நேரத்திலேயே வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று மூர்க்கமாகி, சில நாட்களில் அடுத்த ராணியாகிவிடும். ஆகவே ஒன்றிரண்டை அடித்துப் பயனில்லை. எடுப்பதென்றால் முழுக்கூட்டையும் எடுக்க வேண்டும்.

உள்ளங்கை அளவு வளர்ந்த கூட்டுக்கு நான் செய்யும் முறை:

1. பகலில் திட்டம் போடுங்கள். எந்தப் பக்கமிருந்து அடிப்பது, எந்தக் கதவுக்குள் ஓடுவது என்று பார்த்து, வழியில் கிடக்கும் வாளி, செங்கல், தண்ணீர்க் குழாயை எடுத்துவிடுங்கள். கட்டிப் போட்டிருக்கும் ஆடு, மாடு, நாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கட்டிப் போட்ட பிராணி ஓட முடியாமல் கொட்டு வாங்கியே செத்துப்போகும்.

2. கெட்டித் துணியில் முழுக்கை, முழுக்கால், உள்ளே காலுறைக்குள் செருகிய பேண்ட், மேலே மழைக்கோட்டு. தலைக்குக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், கழுத்து இடைவெளியைத் துண்டால் சுற்றி அடைத்துவிடுங்கள். வெளிர் நிறம் நல்லது. கருப்புத் துணி வேண்டாம். சென்ட், வாசனைத் தைலம் எதுவும் போடாதீர்கள்.

3. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு மேசைக்கரண்டி. செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றி, பீச்சியடிக்கும்படி முனையைத் திருகிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் குளவியின் மேல் ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்பு கலந்தால் உடலின் மூச்சுத்துளைகளுக்குள் இறங்கிவிடும், அதனால்தான் வேலை செய்கிறது.

4. இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். அந்நேரம் எல்லாக் குளவிகளும் கூட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். டார்ச்சில் சிவப்பு வண்ணத்தாளைக் கட்டுங்கள், இந்தப் பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. டார்ச்சைக் கையில் பிடிக்காமல் ஒரு பக்கமாகத் தரையில் வையுங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும்.

5. கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கூடு நனைந்து சொட்டும்வரை பீச்சிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கால் மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து, அசைவு இருந்தால் இன்னொரு முறை.

6. காலையில் கூட்டைத் தட்டி, ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செத்தது போலக் கிடக்கும் குளவியின் கொடுக்கும் கொட்டும், வெறும் கையால் பொறுக்காதீர்கள். காம்பு இருந்த இடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இரவில் வெளியே தங்கிய ஒன்றிரண்டு குளவிகள் இரண்டு நாள் அங்கேயே சுற்றும், பயப்பட ஒன்றுமில்லை.

கடைகளில் விற்கும் பூச்சி ஸ்பிரேயும் வேலை செய்யும். ஆனால் அது தீப்பிடிக்கும் வாயுவோடு வருகிறது. சமையலறை ஜன்னலுக்குப் பக்கம், விளக்கேற்றிய மாடத்துக்குப் பக்கம் அடிக்காதீர்கள். காற்றுக்கு எதிரே நின்றும் அடிக்கக் கூடாது. ஸ்பிரே அடித்துக்கொண்டே தீக்குச்சி கிழித்து அதைத் தீப்பந்தம் ஆக்குவதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓலைக் கொட்டகையும் காய்ந்த மட்டையும் இருக்கும் கொல்லையில் நெருப்பு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கதண்டு என்றால்

நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. அந்தப் பக்கம் யாரும் போகாமல் தடுப்பது, அக்கம்பக்கத்துக்குச் சொல்வது, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்வது. எண் 101, இல்லாவிட்டால் 112. தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினருக்குப் பாம்பு பிடிப்பது போலவே கதண்டுக் கூடு அழிப்பதும் வழக்கமான வேலை. கூடு எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில், வண்டி எதுவரை வரும், பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கதண்டின் கொடுக்கில் தேனீயின் கொடுக்கில் இருப்பது போன்ற பெரிய முட்கள் இல்லை. தோலில் மாட்டிக்கொள்ளாது, ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். பேச்சில் "கதண்டு கடித்துவிட்டது" என்கிறோம், நடப்பது கொட்டுதான். விஷமும் அதிகம். நிறையக் கொட்டு விழுந்தால் தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாருகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள் என்று புதரிலும் மரத்திலும் வேலை செய்பவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள். தேங்காய் பறிக்க ஆள் கூப்பிடும் முன் மரத்தின் உச்சியை நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்வது அவருக்குச் செய்யும் மிகச் சிறிய மரியாதை. கூலிக்காக ஏறுகிறவர் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சின்னக் குளவிக்கும் கதண்டே எமன். பெரிய கதண்டு வகை ஒன்று சின்னக் குளவிக் கூடுகளைத் தேடிப் போய்க் குஞ்சுகளைத் தூக்கி வந்துதான் தன் குஞ்சுகளை வளர்க்கிறது. சன்ஷேடுக் கூட்டுக்கு ஒரு பெரிய கரும்பூச்சி வந்து, குளவிகள் எல்லாம் விலகி நிற்பதைப் பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் கதண்டுக் கூடு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மரங்களைப் பாருங்கள்.

தரைப்பொந்தில் பெட்ரோல் ஊற்றுவது, பனைமரத்துக் கூட்டைக் கல்லால் அடிப்பது, வெடி வைப்பது, இவை எதுவும் வேண்டவே வேண்டாம்.

தேனீ என்றால்

தேனீயைக் கொல்வதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. கொல்ல வேண்டிய தேவை வருவதும் அரிது.

சுவர் இடுக்கிலிருந்து பிசின் போன்ற ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டு, அதில் கொசு அளவுப் பூச்சிகள் போய்வந்தால் அது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. செடிப் புதரில் ஒரு சிறு கொம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரே அடை என்றால் கொம்புத்தேனீ, அதிகம் சண்டைக்கு வராது. சில மாதங்களில் இடம் மாறிப்போகும்.

மரப்பொந்திலோ, பழைய பெட்டியிலோ, சுவருக்குள்ளோ பல அடைகளை வரிசையாக வைத்து வாழ்வது அடுக்குத்தேனீ. பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஊர் ஊராக இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பவர் யார் என்று வேளாண்மை அலுவலகத்தில் விசாரியுங்கள். அவர் வந்து ராணியோடு கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றி எடுத்துப் போவார். சுவருக்குள் மருந்து அடித்துக் கொன்றால் பல தொல்லை. உள்ளே தேன் ஒழுகும், அடை அழுகும், எறும்பு வரும், வேறு தேனீக்கள் அந்த நஞ்சுத் தேனை எடுத்துப் போய்ச் சாகும்.

ஒரு மரக்கிளையில் திடீரென்று தேனீக்கள் கொத்தாகத் தொங்கினால், அடை எதுவும் இல்லையென்றால், அது புது வீடு தேடிக் கிளம்பிய கூட்டம். காப்பாற்ற அதற்குத் தேனோ குஞ்சோ இல்லாததால் சாந்தமாகவே இருக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே போய்விடும்.

பயப்பட வேண்டியது மலைத்தேனீ. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், அடுக்குமாடியின் பால்கனிக்குக் கீழே, ஆலமரத்தில், ஓர் ஆள் கையை விரித்த அளவுக்கு ஒரே அடையாகத் தொங்கும். மேற்பரப்பில் தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கி அலை போல மினுக்கினால், அது கதண்டு போன்ற எதிரிக்குக் காட்டும் எச்சரிக்கை. இவை பருவத்துக்கு வந்து, சில மாதம் தங்கி, பூ குறைந்ததும் அடையைப் போட்டுவிட்டுக் கிளம்பும். அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வருவதும் உண்டு. உயரத்தில் இருந்தால் அவை கிளம்பும்வரை பொறுங்கள். மேலே பட்டாசு, புகை, டிரில்லிங் எதுவும் வேண்டாம். இரவில் பக்கத்து விளக்கை அணைத்து வையுங்கள், மலைத்தேனீ நிலவொளியிலும் பறக்கும், விளக்குக்கும் வரும். சின்னக் குளவிக்குச் சொன்ன "இரவில் போங்கள்" என்ற யோசனை இதற்குப் பொருந்தாது. போன பிறகு அடை ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், பழைய மெழுகு வாசனை மறுபடி அழைக்கும்.

மற்றவை, சுருக்கமாக

காய்ந்த மரச்சட்டத்தில், மூங்கிலில் விரல் நுழையும் வட்டத் துளை போட்டு, கீழே மரத்தூள் கொட்டுவது பெரிய கருவண்டு. உண்மையில் அதுவும் தேனீ இனம்தான். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொட்டத் தெரியாது. முருங்கை காய்ப்பதற்கு இதன் உதவி பெரிது, அதனால் உத்திரத்துக்கு வார்னிஷோ பெயிண்டோ அடித்துக் காப்பாற்றிவிட்டு, கொல்லை மூலையில் நாலு மூங்கில் துண்டை இதற்கென்று விட்டுவையுங்கள். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு கொட்டாது, கடித்து அமிலம் பீச்சும். பறிக்கும்போது மட்டும் தொல்லை. நடைபாதையில் மண் கிளப்பிக் கொட்டும் நெருப்பெறும்புக்குக் கொதிநீரைப் புற்றில் மெதுவாக ஊற்றலாம், செடி வேரில் படாமல்.

கூட்டம் துரத்தினால்

கையை வீசாதீர்கள், குனிந்து உட்காராதீர்கள். துண்டாலோ முந்தானையாலோ முகத்தை மூடிக்கொண்டு, வழி தெரியும் அளவுக்குக் கண்ணை மட்டும் விட்டு, நேராக ஓடி ஒரு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கூடவே நாலைந்து உள்ளே வந்தாலும் பரவாயில்லை. மலைத்தேனீ நூறு மீட்டர் தாண்டியும் துரத்தும், பாதியில் நிற்காதீர்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். தலை தூக்கும்போது கொட்டும், பதற்றத்தில் மூழ்கும் ஆபத்து அதைவிடப் பெரிது. தேனீ ஒருமுறை கொட்டினால் அந்த இடத்திலிருந்து வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்ற அழைப்பு. அங்கேயே நின்று அடித்துக்கொண்டிருந்தால் கொட்டு கூடிக்கொண்டே போவது இதனால்தான்.

கொட்டிவிட்டால்

முதலில் அந்த இடத்தை விட்டு உள்ளே வாருங்கள். தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கு தோலில் குத்தி நிற்கும், கூடவே விஷப்பையும் இருக்கும், தேனீ போன பிறகும் அது விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள். அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும், கிள்ளக் கூடாது என்று சொல்வதைக் கேட்டு அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எடுக்கும் முறையை விட எடுக்கும் வேகம்தான் முக்கியம். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போகாது.

மோதிரம், வளையல், கால் மெட்டியை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். வலிக்குப் பாரசிட்டமால், அரிப்புக்குச் செட்டிரிசின் போதும், அளவை மருந்துக் கடையிலோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் வழக்கம். விஷம் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே தடவும் சுண்ணாம்பு அதை முறிக்காது. குழந்தையின் தோலை, அதுவும் கண் பக்கத்தில், அது புண்ணாக்கிவிடும். வீக்கம் இரண்டு நாள் வரை கூடிக்கொண்டே போய் அப்புறம் வடிவது இயல்பு.

இனி சொல்வதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கொட்டிய இடத்தைத் தவிர உடம்பின் மற்ற இடங்களில் தடிப்பு, உதடு, நாக்கு, தொண்டை வீக்கம், குரல் மாறுவது, மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் அது ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கலாம். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும். ஒரே ஒரு கொட்டுக்கும் வரும். உடனே 108. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அது இந்த அதிர்ச்சியை நிறுத்தாது. வண்டி வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதுண்டு, மருத்துவர் இருக்கச் சொன்னால் இருங்கள்.

பத்துக் கொட்டுக்கு மேல் விழுந்திருந்தால், குழந்தைக்கோ முதியவருக்கோ அதைவிடக் குறைவாக இருந்தாலும், வாய், தொண்டை, கண் பகுதியில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கதண்டு நிறையக் கொட்டியவருக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ, கருஞ்சிவப்பாகப் போனாலோ தாமதிக்காமல் மறுபடி போக வேண்டும். சிறுநீரகத்தின் பாதிப்பு அப்படித்தான் தெரியவரும்.

மறுபடி கட்டாமல் இருக்க

கற்பூரம் கட்டுவது, காகிதப் பையை ஊதித் தொங்கவிடுவது எல்லாம் செய்து பார்த்தேன். எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. பயன் தந்தது வாரம் ஒருமுறை காலையில் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றுவதுதான். சன்ஷேடின் அடி, ஜன்னல் கதவின் பின்பக்கம், மோட்டார் கொட்டகையின் கூரை, கேட்டின் உள்மடிப்பு, கவிழ்த்து வைத்த வாளி, பயன்படுத்தாத சைக்கிளின் சீட்டுக்கு அடி. ஐந்து அறைக் கூட்டை அப்போதே பார்த்துவிட்டால் வேறு எந்த உபகரணமும் வேண்டாம், கழி போதும்.

காய்ந்த தென்னை மட்டையைத் தொங்கவிடாமல் கழித்துவிடுங்கள், அடர்ந்த வேலிப் புதரை உள்ளே பார்க்கும் அளவுக்கு வெட்டிவிடுங்கள், வெட்டும் முன் நீளக் கழியால் தள்ளி நின்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். விழுந்து அழுகும் மாம்பழம், கொய்யா, மீன் கழிவு இவற்றைத் தினமும் அள்ளிப் புதைக்கலாம். கோடையில் சொட்டும் குழாயைத் தேடித் தேனீக்கள் வரும். குழாயைச் சரிசெய்துவிட்டு, தள்ளி ஒரு மூலையில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்தால் அங்கே போய்க் குடித்துக்கொள்ளும்.

கடைசியாக, துளைகள். ஏசி குழாய் நுழையும் ஓட்டை, கேபிள் ஓட்டை, சுவரில் கழன்ற செங்கல், வாய் திறந்த குழாய் எல்லாவற்றையும் சிமெண்டாலோ கொசுவலையாலோ அடையுங்கள், அடைக்கும் முன் உள்ளே குடியிருப்பு இல்லை என்று பத்து நிமிடம் நின்று உறுதி செய்துகொண்டு. எங்கள் துணிக்கொடிக் குழாய் இரண்டுக்கும் பிவிசி மூடி போட்டாயிற்று. அம்மா இன்றும் போர்வை போடும் முன் குழாயை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு நிமிடம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்.